குறைந்த செலவில் குடும்பச் சாப்பாடு: வயலிலிருந்தே தொடங்குவோம்

அறுவடை முடிந்ததும் களத்திலேயே முழு மகசூலையும் அளந்து கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே அதே பயறையும் கடலையையும் மளிகைக் கடையில் கால் கிலோ, அரைக் கிலோ என்று பற்றெழுதி வாங்கும் பழக்கம் நம் சிறு விவசாயிகளிடம் பரவலாக உள்ளது. விற்பது மூட்டை விலையில். வாங்குவது சில்லறை விலையில். தரகு, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, உடைக்கும் கூலி, கடைக்காரர் இலாபம் ஆகிய அனைத்தும் இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவே அடங்கியிருக்கின்றன. விளைவித்தவரே அந்தச் செலவைத் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

சமையல் சிக்கனம் என்றால் அடுப்படிப் பெண்களின் பொறுப்பு என்று நாம் நினைத்துவிடுகிறோம். விவசாயக் குடும்பத்தைப் பொறுத்தவரை அது விதைப்பின்போதே தொடங்க வேண்டிய காரியம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர் வட்டாரங்களுக்கு இதில் ஒரு தனி வசதியும் உண்டு. ஒரு பக்கம் நெல்லும் மணிலாவும் விளையும் நிலம். மறு பக்கம் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் என்று நீளும் கடற்கரை. இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டால், 5 பேர் உள்ள குடும்பம் கடன் படாமல் வயிறார, சத்தாகச் சாப்பிட வழியுண்டு.

செலவு எங்கே போகிறது?

அரிசிக்கு இன்று பெரிய செலவு இல்லை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. நெல் பயிரிடுவோருக்கு வீட்டு நெல்லும் உண்டு. ஆகவே தட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. சோற்றுடன் சேர்த்துச் சாப்பிடும் குழம்பு, பருப்பு, காய், கீரை, மீன் ஆகியவற்றுக்குத்தான் காசு கரைகிறது. காசு இல்லாத நாளில் இவைதான் முதலில் குறைகின்றன.

நியாயவிலைக் கடையில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு சலுகை விலையில் தரப்படுகிறது. இது நல்ல உதவியே. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோவை 30 நாட்களுக்கும் 5 பேருக்கும் பங்கிட்டால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 7 கிராம் கூட வருவதில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் பருப்பு, பயறு வகைகள் தேவை என்று கூறப்பட்டுள்ளது. மீன், முட்டை உண்பவர்கள் இதில் ஒரு பகுதியை அவற்றால் ஈடுசெய்யலாம். அப்படிப் பார்த்தாலும் 7 கிராமுக்கும் தேவைக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. அந்த இடைவெளியைக் கடைக் காசால் நிரப்ப முடியாத குடும்பங்களில், சோற்றை மட்டும் கூட்டி வயிற்றை நிரப்புகிறார்கள்.

குன்னூர் ஆராய்ச்சி கண்ட உண்மை

சோற்றை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்பது நம் மாநிலத்திலேயே ஆராயப்பட்ட விஷயம். நீலகிரி மாவட்டம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவ அறிஞர் 1920-களில் எலிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே தனித்தனிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட வடமேற்கு மாகாண உணவை உண்டவை நன்றாக வளர்ந்தன. அரிசியே பெரும்பகுதியாக உள்ள சென்னை மாகாண உணவையும் வங்காள உணவையும் உண்டவை மெலிந்து பின்தங்கின. அவர் தலைமையில் இயங்கிய அந்த ஆராய்ச்சிக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

இதைக் கேட்டு அரிசியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நம் முன்னோர் வழக்கமான புழுங்கல் அரிசி மிகவும் சிறந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள 'பி' வகை உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. இயந்திரத்தில் தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. அந்தக் காலத்தில் தீட்டிய பச்சரிசி உண்ட வட கடலோர மாவட்டங்களில் பெரிபெரி என்ற நோய் மிகுதியாக இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. ஆகவே சோறு இருக்கட்டும். சோற்றின் பக்கத்தில் பயறும் கீரையும் மீனும் சேர வேண்டும் என்பதே அந்த ஆராய்ச்சியிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம்.

வீட்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

ஒரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 80 சென்ட்டில் வழக்கம்போல் நெல்லோ மணிலாவோ இருக்கட்டும். மீதி 20 சென்ட்டைச் சமையலறைக்கு என்று முடிவு செய்துகொள்ளலாம்.

1. கேழ்வரகு, 10 சென்ட்: நெல்லைப் போலத் தண்ணீர் கேட்காது. ஓரளவு பராமரித்தால் சுமார் 60 கிலோ எதிர்பார்க்கலாம். மாதத்துக்கு 5 கிலோ மாவு ஆகும். 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் மட்டுமே. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நம் பகுதியில் ஆடி மாதக் கூழ் அதற்கும் வெகு முன்பே இருந்து வருகிறது.

2. பயறு வகைகள், 8 சென்ட்: ஆடியில் காராமணியும் மொச்சையும் விதைக்கலாம். மொச்சை தை மாதத்தில் காய்க்கும். காராமணி அறுத்த இடத்தில் மழை ஓயும் தறுவாயில் கொள்ளு தூவிவிடலாம். மழையும் மண்ணும் ஒத்துழைத்தால் மூன்றும் சேர்ந்து 20 கிலோ வரை கிடைக்கும்.

3. காய்கறி, கீரை, 2 சென்ட்: கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், அரைக்கீரை, சிறுகீரை. குளிக்கும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் பாயும் இடத்தில் அமைத்தால் தனிப் பாசனம் வேண்டியதில்லை. ஓரத்தில் இரண்டு முருங்கை, ஓர் அகத்தி, ஒரு பப்பாளி. விதை மூலம் வளரும் பெரியகுளம் பி.கே.எம். 1 முருங்கை ஓராண்டுக்குள்ளேயே காய்க்கும்; கிளைகளைக் கழித்துவிட்டால் கீரையும் தழைக்கும்.

4. வரப்புகள்: சம்பா நடவு முடிந்தவுடன் வரப்பில் உளுந்து ஊன்றிவிட்டால் 5 கிலோ வரை கிடைக்கும். மணிலாவைச் சுற்றி வரப்பில் காராமணி விதைத்தால், சிவப்புக் கம்பளிப்புழு முதலில் அதில் கூடும். பொறுக்கி அழிப்பதும் எளிது.

இவற்றுடன், மணிலா அறுவடையில் 40 கிலோ காயைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். உடைத்தால் சுமார் 28 கிலோ பருப்பு வரும். 24 கிலோவைச் சமையலுக்கும் மீதியை எண்ணெய்க்கோ விதைக்கோ வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மணிலாப் பருப்பு 24 கிலோ, பயறுகள் 20 கிலோ, வரப்பு உளுந்து 5 கிலோ, நியாயவிலைக் கடைத் துவரம் பருப்பு 12 கிலோ. ஆக ஆண்டுக்கு 61 கிலோ. ஒரு நாளைக்கு 165 கிராமுக்குக் குறையாது. அதாவது தினமும் ஓர் ஆழாக்குக்குச் சற்று அதிகம். ஒருவருக்கு 7 கிராமாக இருந்தது 33 கிராமாகிறது, ஐந்து மடங்கு. இதற்கு மேல் மீனும் முட்டையும் சேர்ந்தால் குறை பெரும்பாலும் தீரும். "அடுப்பில் தினம் ஓர் ஆழாக்குப் பயறு" என்பதை வீட்டு விதியாக வைத்துக்கொண்டால் போதும், தராசு தேவையில்லை.

ஒரே பணப்பயிரை நம்புவோர் கவனத்துக்கு

நம் பகுதியில் தர்பூசணி நல்ல வருவாய் தரும் பயிர்தான். ஆனால் நிலம் முழுவதும் தர்பூசணி என்றால் வீட்டுக்கு என்று ஒரு பிடி தானியமும் மிஞ்சாது. 2025 கோடையில் பழத்துக்குச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி விற்பனை படுத்தபோது, செங்கல்பட்டு மாவட்டம் உட்படப் பல இடங்களில் விவசாயிகள் நட்டப்பட்டதை நாம் கண்டோம். சந்தை விழுந்த அந்த நாட்களில் வீட்டில் கேழ்வரகும் காராமணியும் இருந்தவருக்கு நட்டம் நிலத்தோடு நின்றது. இல்லாதவருக்கு அது அடுப்பு வரை வந்தது.

கடன் கொடுத்த வியாபாரி களத்துக்கே வந்து நிற்கும்போது, 40 கிலோவை ஒதுக்குவது சுலபமல்ல என்பதும் உண்மையே. ஆகவே அறுவடைக்கு முன்பே பேசிவிட வேண்டும். "வீட்டுப் பங்கு போகத்தான் அளவு" என்று முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் தகராறு வராது. அதற்கும் வழியில்லாதவர்கள் வரப்பையும் வீட்டுத் தோட்டத்தையும் மட்டுமாவது விட்டுவிடக் கூடாது. அங்கே விளைவது வியாபாரியின் கணக்கில் வருவதில்லை. குத்தகைக்குப் பயிரிடுவோருக்கும் இது பொருந்தும்.

கடல் தரும் மலிவு உணவு

வஞ்சிரமும் வவ்வாலும் நமக்கு எட்டாத விலையில் இருக்கலாம். அதனால் மீனே எட்டாது என்று எண்ண வேண்டாம். கவலை, மத்தி, நெத்திலி, காரப்பொடி போன்ற சிறு மீன்கள் வரத்து மிகும் நாட்களில் விலை இறங்கும். புரதச்சத்தில் இவை பெரிய மீனுக்குக் குறைந்தவை அல்ல. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. சிறு படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும் என்றாலும் மீன் விலை ஏறிவிடும். ஆகவே மாசி, பங்குனியிலேயே இரண்டு மாதத்துக்குத் தேவையான கருவாட்டை வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மகளிர் குழுவினர் நான்கைந்து வீட்டுக்குச் சேர்த்துக் கடற்கரைக்கே போய்க் கூடையாக வாங்கினால் இன்னும் மலிவு. மீன்காரப் பெண்கள் உள்ளூருக்குக் கூடை சுமந்து வந்து நெல்லுக்கும் தானியத்துக்கும் மீன் மாற்றிப்போன காலத்தைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

வெறும் மணலில் உலர்த்திய கருவாட்டைவிட வலையின் மேலோ பரணிலோ உலர்த்தியது நல்லது. கையில் எடுத்தால் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். பிசுபிசுப்போ சிவப்புப் படலமோ இருந்தால் வாங்கக் கூடாது. மூடிய பானையில் வைத்து, மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்து எடுக்கவும்.

செய்முறைகள் (5 பேருக்கு)

கேழ்வரகுக் கூழ்: 300 கிராம் மாவை மாலையில் தண்ணீரில் கரைத்து இரவு முழுவதும் புளிக்கவிடவும். மறுநாள் முக்கால் ஆழாக்கு நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறவும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுவே பதம். ஆறவிட்டு, அடுத்த நாள் காலையில் உப்பும் மோரும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், நிலக்கடலைத் துவையல் அல்லது வறுத்த கருவாடு.

காராமணி கத்தரிக்காய்க் குழம்பு: ஓர் ஆழாக்குக் காராமணியை லேசாக வறுத்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து வேகவைக்கவும். கால் கிலோ கத்தரிக்காய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி வதக்கி, புளிக்கரைசலும் குழம்பு மிளகாய்த்தூளும் சேர்த்துக் கொதிக்கும்போது காராமணியைப் போடவும். தேங்காய்க்குப் பதில் இரண்டு கரண்டி வறுத்த நிலக்கடலைப் பொடி தூவினால் குழம்பு கெட்டிப்படும், செலவும் குறையும்.

கொள்ளில் இரண்டு பதார்த்தம்: ஓர் ஆழாக்குக் கொள்ளை முதல்நாள் இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கவும். வெந்த நீரை வடித்துப் புளி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்து ரசம் வைக்கவும். வெந்த கொள்ளை வெங்காயம், மிளகாயுடன் தாளித்தால் பொரியல். ஒரே அடுப்புச் செலவில் இரண்டு பதார்த்தம் ஆகிறது.

முருங்கைக்கீரைப் பொரியல்: 100 கிராம் முருங்கைக்கீரையில் 440 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு, பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான். இரண்டு பெரிய கைப்பிடி கீரையை வதக்கி, மூடி போட்டு வேகவிட்டு, கடைசியில் இரண்டு கரண்டி நிலக்கடலைப் பொடி சேர்க்கவும். இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியவும். புளிப்பில் உள்ள 'சி' உயிர்ச்சத்து, கீரையின் இரும்புச் சத்து உடம்பில் சேர உதவுகிறது.

நிலக்கடலைக் குழம்பு: ஓர் ஆழாக்கு நிலக்கடலையை ஊறவைத்து உப்புப் போட்டு வேகவைக்கவும். வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கிப் புளிக்குழம்பு கூட்டி, கடலையைச் சேர்த்துச் சுண்டவிடவும். 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம் புரதச்சத்து உள்ளது. எந்தக் கறிக்கும் இது இளைத்ததல்ல.

மொச்சைக் கருவாட்டுக் குழம்பு: ஓர் ஆழாக்குக் காய்ந்த மொச்சையை இரவே ஊறவைத்து வேகவைக்கவும். 100 கிராம் நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளி, வெந்நீரில் கால் மணி நேரம் போட்டு, மணல் போக மூன்று முறை அலசவும். கத்தரிக்காயும் மொச்சையும் கொதிக்கும் புளிக்குழம்பில் கடைசியாகக் கருவாட்டைப் போட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கவும். கருவாட்டிலேயே உப்பு உண்டு. குழம்புக்குப் பாதி உப்புப் போதும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கருவாட்டை அளவோடு சேர்க்க வேண்டும்.

சென்னாக்குன்னிப் பொடி: கையளவு சென்னாக்குன்னியை வெறும் வாணலியில் மொறுமொறுப்பாக வறுத்து, புடைத்து மண் நீக்கி, மிளகாய், பூண்டு சேர்த்து இடிக்கவும். குழம்பு வைக்க முடியாத நடவு நாட்களில் பழைய சோற்றுக்கும் சுடு சோற்றுக்கும் இது போதும்.

ஒரு வாரத் திட்டம்

திங்கள்: காலையில் கூழ், மதியம் காராமணிக் குழம்பு, அரைக்கீரை மசியல்.
செவ்வாய்: காலையில் பழையசோறு, துவையல், மதியம் கொள்ளு ரசம், கொள்ளுப் பொரியல்.
புதன்: காலையில் கூழ், மதியம் நிலக்கடலைக் குழம்பு, வெண்டைக்காய்.
வியாழன்: காலையில் பழையசோறு, மதியம் துவரம் பருப்புச் சாம்பார், முருங்கைக்கீரை.
வெள்ளி: காலையில் ஓர் ஆழாக்கு உளுந்து சேர்த்த கஞ்சி, மதியம் மோர்க்குழம்பு, அகத்திக்கீரை.
சனி: காலையில் கூழ், மதியம் மொச்சைக் கருவாட்டுக் குழம்பு.
ஞாயிறு: கவலை அல்லது மத்தி மீன் குழம்பு. மீன் கிடைக்காத வாரம் முட்டைக் குழம்பு.

இரவில் மதியக் குழம்பையே கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம். சைவ உணவினர் சனி, ஞாயிறுகளில் மொச்சையும் மோரும் சேர்த்துக்கொள்ளவும். திட்டத்தில் உள்ளவற்றில் புளி, எண்ணெய், உப்பு, பூண்டு, மீன் தவிர மற்றவை பெரும்பாலும் சொந்த நிலத்தில் விளைபவை என்பதைக் கவனிக்கவும். நாட்டுக்கோழி நான்கைந்து இருந்தால் முட்டையும் வீட்டிலேயே கிடைக்கும். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கோழி, ஆடு வளர்ப்புப் பற்றி ஆலோசனை கேட்டுப் பெறலாம்.

எரிபொருளைச் சேமிக்க வைக்கோல் கூடை

பயறு வேக நேரம் பிடிக்கும். எரிவாயு தீர்ந்துவிடும் என்பது இல்லத்தரசிகள் சொல்லும் நியாயமான குறை. இரவே ஊறவைத்தால் வேகும் நேரம் வெகுவாகக் குறையும். இன்னொரு வழியும் உண்டு. உலகப் போர்க் காலங்களில் எரிபொருள் தட்டுப்பட்டபோது ஐரோப்பிய நாடுகளின் வீடுகளில் உலர்புல் அடைத்த பெட்டியில் கொதிக்கும் பாத்திரத்தை வைத்துச் சமைத்தார்கள். நமக்கு வைக்கோலுக்குப் பஞ்சமில்லை.

பெரிய கூடையிலோ மரப்பெட்டியிலோ அடியில் நான்கு விரற்கடை கனத்துக்குக் காய்ந்த வைக்கோலை இறுக்கமாக அடைக்கவும். நடுவே பாத்திரம் உட்காரும் அளவுக்குக் குழி விட்டுச் சுற்றிலும் அடைக்கவும். ஊறிய பயறை அடுப்பில் 15 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் அப்படியே குழியில் இறக்கி, மேலே வைக்கோல் திணித்த சாக்கை வைத்து மூடவும். மூன்று மணி நேரத்தில் பயறு வெந்திருக்கும். அரிசியை 5 நிமிடம் கொதிக்கவைத்து இறக்கினால் ஒரு மணி நேரம் போதும். இம்முறையில் தண்ணீரை அளவாக வைப்பதால் கஞ்சியும் வடிக்க வேண்டியதில்லை, சத்து வீணாவதில்லை. ஆனால் இரவு முழுவதும் கூடையில் விட்டுவிடக் கூடாது. வெளியே எடுத்ததும் ஒரு கொதி விட்டே பரிமாற வேண்டும். அடுப்புக்கு அருகே கூடையை வைக்கவும் கூடாது.

கவனிக்க வேண்டியவை

நல்ல மணிலாவை விற்றுவிட்டு, பூசணம் பிடித்த கொட்டையை வீட்டுக்கு வைக்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. அந்தப் பூசணத்தில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுமையாகப் போகாது. அறுத்த மணிலாவை மழையில் நனையவிடாமல் நன்கு காயவைத்து, தோலோடு வைத்து மாதாமாதம் தேவைக்கு உடைத்துக்கொள்ளவும். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது.

பயறுகளை இரண்டு மூன்று வெயில் காயவைத்து, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய் தடவி, காற்றுப் புகாத டின்னில் வைத்தால் வண்டு விழுவது குறையும்.

செய்யூர், கேளம்பாக்கம் உப்பளங்களின் கல்லுப்பு ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் நல்லது. அன்றாடச் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பே ஏற்றது.

சாப்பிட்டவுடன் டீ குடிப்பதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்து உடம்பில் சேரவிடாது.

இறுதியாக ஒன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். நம் வீடுகளில் எல்லோருக்கும் போட்டபிறகு கடைசியாக உட்காருபவள் சமைத்தவளே. சோறு மிஞ்சியிருக்கும், குழம்பில் புளித்தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும். நடவும் களையும் அறுப்பும் அவள் கையால்தான் நடக்கின்றன. ஆகவே காராமணியையும் மீனையும் அடுப்பிலிருந்து இறக்கியவுடனே 5 பங்காகப் பிரித்து, அவள் பங்கை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைக்க வேண்டும். இதற்குக் காசு எதுவும் செலவில்லை.

வரும் ஆடிப் பட்டத்துக்கு விதை வாங்கும்போதே, வியாபாரத்துக்கு வேண்டிய விதையுடன் அரைக் கிலோ காராமணியும் அரைக் கிலோ மொச்சையும் சேர்த்து வாங்குங்கள். 20 சென்ட் முடியாதவர்கள் 5 சென்ட்டிலும் வரப்பிலும் தொடங்கலாம். ஒரு பருவம் செய்து பார்த்து, மளிகைக் கடைப் பற்று நோட்டைச் சென்ற ஆண்டு நோட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்த தொகை எவ்வளவு என்பது அதிலேயே தெரியும்.